முன்கை ஒன்றை முழுசாக: 3டி உடல் படங்களில் அனாட்டமி படிக்கும் முறை

திரையில் ஓர் உடலை விரலால் சுழற்றி, தோலை நீக்கி, தசையைத் தொட்டதும் பெயர் வந்து நிற்கும்போது எல்லாம் புரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். மறுநாள் டிசெக்‌ஷன் ஹாலில் ஆசிரியர் ஃபோர்செப்ஸால் ஒரு வெள்ளைக் கயிற்றைத் தூக்கி "இது என்ன?" என்று கேட்டால் வாய் வராது. திரையில் பெயர் சொன்னது படம். நாம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தோம். ஆகவே கீழே வரும் எல்லா வேலைக்கும் ஒரே விதி: முதலில் நீங்கள் சொல்லுங்கள், அதன் பிறகு படம் சொல்லட்டும்.

எம்பிபிஎஸ், நர்சிங், பிசியோதெரபி முதலாண்டு மாணவர்களை மனதில் வைத்து எழுதியது இது. முழு உடலையும் மேய்வதைவிட ஒரு பகுதியை ஒழுங்காகச் செய்து காட்டினால் மற்றதை நீங்களே செய்துகொள்ளலாம். அதனால் முன்கையின் முன்பக்கத்தையும் மணிக்கட்டையும் எடுத்துக்கொள்வோம். உங்கள் கையிலேயே தொட்டுச் சரிபார்க்க முடிகிற இடம் என்பது கூடுதல் வசதி.

எந்தப் படம், எதற்கு

கிளிக் செய்தால் பெயர் வரும் தட்டையான படம், படித்ததைத் திருப்பிப் பார்க்க மட்டுமே உதவும். எது எதற்கு மேலே, எது எதைக் கடந்து போகிறது என்பதற்கு 3டி மாடல் வேண்டும். சிடி, எம்ஆர்ஐ படிக்க வேண்டியவர்களுக்கு மூன்றாவதாக வெட்டுப் படங்களும் தேவை.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் இசட்-அனாட்டமி இருக்கிறது. ஜப்பானில் உருவான பாடிபார்ட்ஸ்3டி தரவின் மேல் கட்டப்பட்ட திறமூல மாடல் அது. பிளெண்டர் மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக நகர்த்தலாம். அடிப்படை உடல் ஓர் ஆணுடையது, எனவே பெண்ணின் இடுப்புக்குழியை அதில் படிக்க உட்கார வேண்டாம். பிரவுசரிலேயே திறக்க வேண்டுமென்றால் சைகோட் பாடி. 2010-இல் கூகுள் பாடி என்ற பெயரில் வந்ததுதான் பிறகு இந்தப் பெயருக்கு மாறியது. வெட்டுப் படங்களுக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் தொகுப்பு. உறைய வைத்த உடலைச் சீவிச் சீவி எடுத்த நிஜப் புகைப்படங்கள் அவை. 1994-இல் வெளியான ஆண் உடல் 1 மி.மீ. இடைவெளியிலும், 1995-இல் வந்த பெண் உடல் 0.33 மி.மீ. இடைவெளியிலும் வெட்டப்பட்டவை. கட்டணச் செயலிகளை வாங்கும் முன் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். நிறைய இடங்களில் நிறுவனக் கணக்கு யாரும் தொடாமல் கிடக்கும்.

எந்த மாடலையும் நம்புவதற்கு முன் நான்கு இடங்களைத் திறந்து பாருங்கள். குரல்வளைக்குப் போகும் ரெக்கரன்ட் லாரிஞ்சியல் நரம்புகளில் இடது பெருந்தமனியான அயோர்ட்டாவின் வளைவுக்கு அடியிலும் வலதுபக்க நரம்பு சப்கிளேவியன் தமனிக்கு அடியிலும் சுற்றித் திரும்ப வேண்டும். ஆண் உடலில் இடது டெஸ்டிகுலர் சிரை இடது சிறுநீரகச் சிரையிலும், வலது நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையிலும் சேர வேண்டும். மூச்சுக்குழலின் வலது கிளையான வலது பிரான்கஸ் இடதைவிட அகலமாக, குட்டையாக, செங்குத்தாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் ஃப்ளெக்ஸர் கார்பி ரேடியாலிஸ் தசையின் டெண்டன் (தசையை எலும்போடு கட்டும் நாண்) கார்பல் டனல் என்ற மணிக்கட்டுச் சுரங்கத்துக்கு வெளியே தனி அறையில் போக வேண்டும். நான்கும் சரி என்றால் மாடலைச் செய்தவர் கவனமாகச் செய்திருக்கிறார். நான்காவதில்தான் பல மாடல்கள் வழுக்குகின்றன.

பேச்சுத் தமிழ் போடும் முடிச்சு

தமிழில் நினைக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற சில குழப்பங்கள் உண்டு. ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு எச்சரிக்கை இருக்காது.

முதலாவது "நரம்பு". ட்ரிப் ஏற்றும்போது "நரம்பு கிடைக்கலை" என்போம், அது சிரை. பிடரி சுளுக்கினால் "நரம்பு பிசகிடுச்சு" என்போம், அது பெரும்பாலும் தசை. மணிக்கட்டில் புடைத்து நிற்கும் டெண்டனும் வீட்டில் நரம்புதான். படிக்க உட்காரும்போது நெர்வ் என்றால் மட்டும் நரம்பு, வெயின் என்றால் சிரை, ஆர்ட்டரி என்றால் தமனி என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது "உள்பக்கம்". வழக்கில் கையின் உள்பக்கம் என்றால் உள்ளங்கைப் பக்கம். அனாட்டமியில் அது முன்பக்கம், ஆன்டீரியர். மீடியல் என்பது உடலின் நடுக்கோட்டை நோக்கிய பக்கம். உள்ளங்கை முன்னால் பார்க்கக் கைகளைத் தொங்கவிட்டு நின்றால் சுண்டுவிரல் இருக்கும் பக்கம். எல்லா விளக்கங்களும் இந்த நிலையை வைத்தே எழுதப்பட்டவை. நீங்கள் மேசையில் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு படித்தால் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸும் சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னாவும் இடம் மாறிவிட்டதாகத் தோன்றும்.

மூன்றாவது "கை", "கால்". நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை கை. அனாட்டமியில் ஆர்ம் என்றால் தோள் முதல் முழங்கை வரைதான், லெக் என்றால் முழங்காலுக்குக் கீழேதான். "மசில்ஸ் ஆஃப் த லெக்" என்ற கேள்விக்குத் தொடைத் தசைகளை எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

நீளப் பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை முகவரிகள். ஃப்ளெக்ஸர் கார்பி ரேடியாலிஸ்: மடக்குவது, மணிக்கட்டை, ரேடியஸ் பக்கமாக. ஃப்ளெக்ஸர் டிஜிடோரம் புரொஃபண்டஸ்: மடக்குவது, விரல்களை, ஆழத்தில் இருப்பது. படத்தில் தொடுவதற்கு முன்பே பெயரை வைத்து இடத்தையும் வேலையையும் ஊகித்துச் சொல்லிப் பாருங்கள். மாடலுக்கு மாடல் பெயர் மாறவும் செய்யும். பழைய புத்தகம் பெரோனியல் என்பதைப் புதிய மாடல் ஃபிபுலாரிஸ் என்று காட்டும். மணிக்கட்டின் முன்பக்கப் பட்டையான ஃப்ளெக்ஸர் ரெட்டினாக்குலத்தைச் சில மாடல்களில் டிரான்ஸ்வர்ஸ் கார்பல் லிகமென்ட் என்று தேட வேண்டியிருக்கும்.

நாற்பது நிமிடம், ஒரு முன்கை

ஒரு நோட்டு, நான்கு நிறப் பேனா, தோலில் வரைய ஒரு ஸ்கெட்ச் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். மாடலில் வலது கையை மட்டும் தனிமைப்படுத்தி மற்ற எல்லாவற்றையும் மறையுங்கள். தேடல் பெட்டியைத் தொடாதீர்கள். "மீடியன் நெர்வ்" என்று அடித்தால் மாடல் உங்களைத் தூக்கிக்கொண்டு போய் அந்த நரம்பின் முன் இறக்கிவிடும். ஆட்டோவில் போய் இறங்கியவருக்கு வழி தெரியாது. எலும்பு முனையிலிருந்து நடந்தே போய்ச் சேருங்கள்.

முதல் ஐந்து நிமிடம் எலும்பு மட்டும். ஹியூமரஸின் மீடியல் எபிகாண்டைல் (மேற்கை எலும்பு முழங்கையில் முடியும் இடத்திலுள்ள உள்முண்டு), ரேடியஸ், அல்னா, இரண்டுக்கும் நடுவிலுள்ள சவ்வு, எட்டு மணிக்கட்டு எலும்புகள். எட்டையும் இன்றே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான்கு மூலைகள் போதும்: சுண்டுவிரல் பக்கம் பிசிஃபார்ம், ஹேமேட்டின் கொக்கி, கட்டைவிரல் பக்கம் ஸ்கேஃபாய்டின் முண்டு, ட்ரபீசியத்தின் வரப்பு. இந்த நான்கு மூலைகளில் கட்டிய பந்தல்தான் ஃப்ளெக்ஸர் ரெட்டினாக்குலம். பிசிஃபார்மை உங்கள் மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்க மடிப்பில் உருண்டையாகத் தொடலாம். இப்போதே தொட்டுவிடுங்கள்.

அடுத்த பதினைந்து நிமிடம் தசை. முன்பக்கத்தில் எட்டுத் தசைகள், மூன்று அடுக்கு: மேலே நான்கு, நடுவில் ஒன்று, ஆழத்தில் மூன்று. ஆழத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மணிக்கட்டுக்கு மேலே குறுக்காக ப்ரொனேட்டர் குவாட்ரேட்டஸ், ரேடியஸிலிருந்து ஃப்ளெக்ஸர் பொல்லிசிஸ் லாங்கஸ், அல்னாவிலிருந்து ஃப்ளெக்ஸர் டிஜிடோரம் புரொஃபண்டஸ். அவற்றின் மேல் அகலமாக ஃப்ளெக்ஸர் டிஜிடோரம் சூப்பர்ஃபிசியாலிஸ். ஒவ்வொன்றையும் ஏற்றியதும் கையை எடுத்துவிட்டு, "இது எந்த மூட்டைக் கடக்கிறது, மூட்டுக்கு எந்தப் பக்கமாகக் கடக்கிறது?" என்று கேளுங்கள். முன்பக்கமாகக் கடந்தால் மடக்கும். விடையை நோட்டில் எழுதிய பிறகே விவரப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

மேலடுக்கு நான்கும் மீடியல் எபிகாண்டைலிலிருந்து கிளம்பும். இதற்கு உங்கள் கையே படம். இடது உள்ளங்கையின் அடிப்பாகத்தை வலது முழங்கையின் உள்முண்டில் வைத்து, விரல்களை முன்கையின் மேல் மணிக்கட்டை நோக்கி விரியுங்கள். கட்டைவிரல் போகிற திசை ப்ரொனேட்டர் டெரஸ், ஆள்காட்டி ஃப்ளெக்ஸர் கார்பி ரேடியாலிஸ், நடுவிரல் பால்மாரிஸ் லாங்கஸ், மோதிரவிரல் ஃப்ளெக்ஸர் கார்பி அல்னாரிஸ்.

நடு அடுக்கையும் ஆழ அடுக்கையும் கையிலேயே பிரித்துப் பார்க்கலாம். உங்கள் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை மற்றவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் மோதிரவிரலை மட்டும் மடக்குங்கள். நடு மூட்டு மடங்கும், நுனி தளர்ந்து தொங்கும். மடக்குவது சூப்பர்ஃபிசியாலிஸ் மட்டுமே. புரொஃபண்டஸின் டெண்டன்கள் ஒரே தசையைப் பெரும்பாலும் பங்கு போட்டுக்கொள்பவை, மற்ற விரல்களைப் பிடித்தால் அது முடங்கிவிடும். ஆள்காட்டி விரலில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், பலருக்கு அதன் புரொஃபண்டஸ் பகுதி தனியாகவே இயங்கும். பிறகு மாடலில் விரல் எலும்புக்குப் போய், சூப்பர்ஃபிசியாலிஸ் டெண்டன் இரண்டாகப் பிளந்து நடு எலும்பில் ஒட்டுவதையும், பிளவின் வழியே புரொஃபண்டஸ் நுழைந்து நுனி எலும்புவரை போவதையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்த பத்து நிமிடம் மீடியன் நரம்பு. முழங்கை மடிப்பில் தொடங்குங்கள்: கட்டைவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கமாக பைசெப்ஸ் டெண்டன், பிரேக்கியல் தமனி, மீடியன் நரம்பு என்ற வரிசை. நரம்பு ப்ரொனேட்டர் டெரஸின் இரண்டு தலைகளுக்கு நடுவே புகுகிறது. அல்னார் தமனியோ அதே தசையின் ஆழத் தலைக்கும் அடியில் போகிறது. இரண்டையும் பிரிப்பது அந்த மெல்லிய தலைதான். மாடலில் அதை மட்டும் மறைத்து, மீண்டும் கொண்டுவந்து பாருங்கள். பிறகு நரம்பு சூப்பர்ஃபிசியாலிஸுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இறங்கி, மணிக்கட்டுக்குச் சுமார் 5 செ.மீ. மேலே அதன் வெளி ஓரமாக எட்டிப் பார்க்கும். அங்கே பால்மாரிஸ் லாங்கஸ் டெண்டனுக்குச் சற்றே ஆழத்தில் கிடக்கும். மணிக்கட்டில் வெட்டுக்காயம் என்றால் முதலில் இந்த நரம்பைச் சோதிப்பது இதனால்தான்.

எட்டுத் தசைகளில் ஃப்ளெக்ஸர் கார்பி அல்னாரிஸும் புரொஃபண்டஸின் மீடியல் பாதியும் அல்னார் நரம்பின் கணக்கு. மீதி எல்லாம் மீடியன். ஆழ அடுக்கில் மீடியனின் பங்கைக் கவனிப்பது அதன் கிளையான ஆன்டீரியர் இன்டராஷியஸ் நரம்பு. அது அடிபட்டால் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி நுனியையும் மடக்கி வட்டம் போட வராது. எந்த இரண்டு தசைகள் போனதால் என்று மாடலைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

கூரையில்லாத சுரங்கம்

கார்பல் டனலைத் தேடி மாடலில் மணிக்கட்டைப் பெரிதாக்கினால் பலருக்குச் சுரங்கமே தெரியாது. தசை அடுக்கு மட்டும் போட்டிருந்தால் ரெட்டினாக்குலம் வராது. அது லிகமென்ட் அடுக்கில் ஒளிந்திருக்கும். அந்த அடுக்கை இயக்கிய பிறகுதான் கூரை வரும்.

கூரை வந்ததும் உள்ளே எண்ணுங்கள்: சூப்பர்ஃபிசியாலிஸ் டெண்டன் நான்கு, புரொஃபண்டஸ் நான்கு, பொல்லிசிஸ் லாங்கஸ் ஒன்று, மீடியன் நரம்பு ஒன்று. ஆக மொத்தம் பத்து. சூப்பர்ஃபிசியாலிஸ் நான்கும் வரிசையாகப் போகாது. நடுவிரல், மோதிரவிரலுக்கானவை மேலே, ஆள்காட்டி, சுண்டுவிரலுக்கானவை கீழே. நடுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்து, அவற்றுக்கு அடியில் ஆள்காட்டியையும் சுண்டுவிரலையும் செருகிக்கொண்டால் அதே அமைப்பு கையில் வந்துவிடும்.

அல்னார் நரம்பும் தமனியும் கூரைக்கு மேலே போகின்றன. மீடியன் நரம்பின் பால்மர் கிளையும் கூரைக்கு மேலேதான். இந்தச் சுரங்கத்துக்குள் மீடியன் நரம்பு நசுங்கும் கார்பல் டனல் சிண்ட்ரோமில் விரல்கள் மரத்துப்போனாலும் கட்டைவிரல் மேட்டுத் தோலில் உணர்ச்சி தப்புவதன் காரணம் இந்த ஒரு கிளை எடுக்கும் பாதை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் விரும்பிக் கேட்கப்படும் கேள்வி. மாடலில் அந்தக் கிளையே இல்லையென்றால் நோட்டில் நீங்களே வரைந்துகொள்ளுங்கள், சின்னக் கிளைகளைப் பல மாடல்கள் விட்டுவிடும்.

கடைசிப் பத்து நிமிடம் சோதனை. பெயர்களை அணைத்துவிட்டு, மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக உரியுங்கள். அடுத்து என்ன தெரியப்போகிறது என்று சொன்ன பிறகே உரிக்க வேண்டும். தவறியதை மட்டும் சிவப்பில் குறித்து, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்துப் பத்துப் பத்து நிமிடம் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தால் போதும்.

படம் ஏமாற்றும் இடங்கள்

ஒளி ஊடுருவும் வசதி அழகாக இருக்கும், ஆனால் ஆழத்தைக் கெடுக்கும். தசையைக் கண்ணாடி மாதிரி ஆக்கினால் அடியிலுள்ள நரம்பு மேலே ஓடுவது போலத் தெரியும். அடுக்குகளைப் படிக்கும்போது முழுதாக மறையுங்கள் அல்லது முழுதாகக் காட்டுங்கள். பெர்ஸ்பெக்டிவ் பார்வையில் கண்ணுக்கு அருகிலிருப்பது பெரிதாகும். அளவுகளை ஒப்பிடும்போது ஆர்த்தோகிராஃபிக் பார்வைக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கண்டபடி சுழற்றினால் எது மேல், எது கீழ் என்று பிடிபடாது. முன், பின், உள், வெளி என நான்கே பார்வைகளில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், தொலைந்துபோனால் ரீசெட் அழுத்தித் தொடக்கத்திலிருந்து வாருங்கள். தேர்விலும் புத்தகத்திலும் வரப்போவது அந்த நான்கு பார்வைகள்தான்.

நடு முன்கையில் ஒரு குறுக்குவெட்டும் போட்டுப் பாருங்கள். சூப்பர்ஃபிசியாலிஸுக்கும் புரொஃபண்டஸுக்கும் நடுவில் மீடியன், கார்பி அல்னாரிஸுக்கு அடியில் அல்னார் நரம்பு, பிரேக்கியோரேடியாலிஸுக்கு அடியில் ரேடியல் தமனி. சிடி, எம்ஆர்ஐ குறுக்குவெட்டுகளைப் படுத்திருப்பவரின் கால்பக்கம் நின்று பார்ப்பதாகக் கொள்வது வழக்கம். நோயாளியின் இடது உங்கள் வலதில் இருக்கும். மாடல் மேலிருந்து காட்டினால் இடமும் வலமும் மாறிவிடும், வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

ஃபோனில் படித்தால் விரலே உறுப்பை மறைத்துவிடும், அருகிலுள்ள தமனியைத் தொட்டு நரம்பு என்று நினைப்பது அதனால். முடிந்தவரை கணினியும் மவுஸும். பிரவுசரில் மாடல் திறக்காமல் கருந்திரையாக நின்றால் அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் அணைந்திருக்கிறதா பாருங்கள்.

மாடல் ஒரே உடல் என்பதையும் மறக்க வேண்டாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். நடுவில் மெல்லிய டெண்டன் எழும்பினால் உங்களுக்குப் பால்மாரிஸ் லாங்கஸ் இருக்கிறது. வகுப்பில் வரிசையாகச் செய்யச் சொன்னால் இல்லாதவர்கள் சிலர் நிச்சயம் இருப்பார்கள், ஒரு கையில் மட்டும் இருப்பவர்களும் இருப்பார்கள். ஆரோக்கியத்தில் எந்தக் குறையும் இருக்காது. மாடலில் மட்டும் அது எப்போதும் இருக்கும்.

நிறம் போன பிறகு

மாடலில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். கடாவரில், அதாவது டிசெக்‌ஷனுக்கு வைத்த உடலில், எல்லாம் பழுப்பும் சாம்பலுமாகத்தான் இருக்கும். நிறத்தை மாற்றும் வசதி இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கிப் பெயர் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுங்கள். மாடலில் காணாமல்போகும் இன்னொன்று இடைவெளியை நிரப்பும் சவ்வும் கொழுப்பும். நேரில் அதைப் பிரித்தெடுத்த பிறகே உறுப்பு கண்ணில் படும்.

ஸ்பாட்டர் என்ற அடையாளம் காணும் தேர்வில் ஊசி குத்திய கயிறு எது என்று முடிவுசெய்ய நிறம் உதவாது, கையும் திசையும் உதவும். தமனியின் சுவர் தடிமனாக இருக்கும், அழுத்தினால் உள்ளே குழாய் என்று தெரியும். சிரை தட்டையாகச் சரிந்து, சில இடங்களில் உறைந்த ரத்தத்தால் கறுத்திருக்கும். டெண்டன் பளபளக்கும், நரம்பு மங்கலாக, உள்ளே திண்மையாக, கிளைவிட்டுப் போகும். மணிக்கட்டில் மட்டும் இதுவும் போதாது. அங்கே பால்மாரிஸ் டெண்டனும் மீடியன் நரம்பும் அகலத்திலும் நிறத்திலும் நெருங்கி வரும். டெண்டன் எடுக்கப்போய் நரம்பை எடுத்த தவறு அறுவை அரங்குகளிலேயே நடந்து பதிவாகியிருக்கிறது. தொட அனுமதி இருந்தால் அந்தக் கயிற்றை முழங்கைப் பக்கம் ஒரு சாண் தொடர்ந்து போங்கள். சதையில் போய் முடிந்தால் டெண்டன். சூப்பர்ஃபிசியாலிஸுக்கு அடியில் புகுந்து மறைந்தால் மீடியன்.